காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது

காலை ஏழு ஐம்பத்தொன்பதுக்கு
பேக்கரியின் பின்னறையில் நின்று
கைபேசியைத் தட்டினேன்.
விரல் முழுக்க மா.
திரைக்கு என்னைத் தெரியவில்லை.
எட்டுக்குத் திறந்த கதவு
எட்டு நாலுக்குச் சாத்திக்கொண்டது.

புள்ளிவிவரவியல், இரண்டாம் ஆண்டு:
இடமில்லை.
காத்திருப்போர் பட்டியலில் நீங்கள் ஏழாவது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவோம் என்று
இவர்களுக்கு யார் சொல்லி வைத்தார்களோ.

ஜனவரி.
முப்பத்தொரு பாகை, கழித்தல் குறியோடு.
பெம்பினா வீதியில் பஸ் வருவதற்குள்
இமை மயிர்கள் ஒட்டிக்கொண்டன.
ஆலோசகர் அறைக்கு வெளியே ஐந்து கதிரை,
ஆறு பேர்.
ஆறாவது ஆள் நான்.

டோரீன் கிளாசன் என் பெயரைத் திரையில் பார்த்தாள்,
மூச்சை இழுத்தாள், துணிந்தாள்.
எழில்விழி.
இரண்டு ழகரம்.
இரண்டிலும் சறுக்கினாள்.
வின்னிபெக்கில் அன்றைக்கு
எல்லோரும் சறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதலில் ஒரு தடை இருக்கிறது என்றாள்.
நூலகத்துக்குப் பன்னிரண்டு டொலர்.
அந்தப் புத்தகம் என் தலையணைக்குக் கீழே
நவம்பரில் இருந்து தூங்குகிறது,
நான் தூங்காத இரவுகளிலும்.

பிறகு ஒரு தாளை விரித்தாள்.
நாலு வருடம், நாற்பது பெட்டி,
பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி.
பேனா முனை ஓரிடத்தில் நின்றது.
கரிம வேதியியல் எதற்கு?

முன்தேவை, என்றேன்.

எதற்கு முன்தேவை?

நான் பிறப்பதற்கே அதுதான் முன்தேவை
என்று சொல்ல ஆங்கிலத்தில் வாய் வரவில்லை.
கலியாண மண்டபங்களில் அப்பா என்னை
டொக்டருக்குப் படிக்கிறா என்றுதான் காட்டுவார்.
போன மாதம் ஒரு மாமா
சோற்றுக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு
தன் முழங்காலின் எக்ஸ்ரேயைக் கைபேசியில் நீட்டினார்.
நானும் பெருசாக்கிப் பார்த்தேன்.
தலையையும் ஆட்டினேன்.

புள்ளிவிவரம் ஏன் என்று அவள் கேட்கவில்லை,
நானாகச் சொன்னேன்.
கடை சாத்தும்போது மிஞ்சின பாணை எண்ணுவது என் வேலை.
பனி கொட்டினால் கறுத்தப் பாண் மிஞ்சும்,
பள்ளி விடுமுறையில் பன் மிஞ்சாது.
ஒரு கொப்பியில் எழுதி வந்தேன்.
அக்டோபரில் ஒரு செவ்வாய்,
பதினாலு மிஞ்சும் என்று முதலாளியிடம் சொன்னேன்.
பதின்மூன்று.
அந்த ஒன்று பிழைத்ததை நினைத்து
இரவு முழுக்கச் சந்தோசமாக இருந்தேன்.

டோரீன் சிரித்தாள்.
உன்னை வரிசையில் மேலே தூக்க என்னால் முடியாது,
யாராலும் முடியாது, என்றாள்.
ஆனால் திரையை என் பக்கம் திருப்பினாள்.
கரிம வேதியியல்: நிரம்பியது.
காத்திருப்போர்: பத்தொன்பது.

என் முதுகுக்குப் பின்னால்
பத்தொன்பது பேர் நிற்கிறார்கள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நான் ஏழாவது என்பது மட்டும்தான்
இரண்டு மாதமாக எனக்குத் தெரிந்த கணக்கு.

தாளை மடித்துத் தந்தாள்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.
சுலபமான பெயர்.

இரவு பதினொன்று நாற்பது.
பாண் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.
இந்த முறை கையைக் கழுவித் துடைத்துவிட்டு
விலகு என்ற பொத்தானைத் தொட்டேன்.
நிச்சயமாகவா?
என்று கேட்டது திரை.
இத்தனை வருடத்தில்
என்னை அப்படிக் கேட்டது அது ஒன்றுதான்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு
வேதியியல் மண்டபத்தைத் தாண்டிப் போனேன்.
கதவுக் கண்ணாடிக்குள், மூன்றாம் வரிசையில்,
என் கதிரையில்,
சிவப்புத் தொப்பிப் பொடியன் ஒருவன்
பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தான்.
மற்றக் கையில் இன்னும் கையுறை.
அவ்வளவு அவசரம்.

புள்ளிவிவரத்தில் நான் இப்போது இரண்டாவது.
பட்டியல் மூட ஒன்றரை நாள் இருக்கிறது.

பின்னேரம் அப்பா பார்சல் வானோடு வந்தார்,
ஹீட்டரை எனக்காகக் கூட்டி வைத்து.
பெல்ட்டைப் போடு என்றார்.
பத்துமணி வகுப்பு எப்படிப் போனது என்றார்.

நிரம்பிவிட்டது, அப்பா, என்றேன்.

நல்லது, என்று
சந்தோசமாகக் கியரை மாற்றினார்.